எங்கட ஆள் வந்திட்டார்

லெஸ்லியை இப்போதெல்லாம் நான் அண்ணை என்று சொல்வதில்லை. பதினொரு வருடம் வாய் நிறையச் சொன்னது போதும். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர்தான், அதனால் மகளிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குள்ளே திட்டுவதை யார் தடுக்க முடியும்? பாத்திரம் கழுவும்போது திட்டுகிறேன். பஸ்ஸில் திட்டுகிறேன். பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் அவர் உட்காருகிற வாங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று திட்டுகிறேன். கடவுளுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

இல்ஃபோர்டில் தமிழ்ப் பூசைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் லெஸ்லியைத் தெரியும். மன்னாரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் எடுத்துக்கொண்டு நிற்கும்போது அவர் மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்காருவார். அவருக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மண்ணிறக் கடித உறை. கவுன்சில் கடிதம், பெனிபிட் கடிதம், வீசாவைப் பார்க்கிற ஹோம் ஒஃபிஸ் கடிதம். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "பயப்பிட ஒண்டுமில்லை" என்றுதான் எப்போதும் தொடங்குவார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லாததையெல்லாம் எங்களில் பாதிப் பேர் லெஸ்லியிடம் சொல்லியிருக்கிறோம். சாமியாருக்கு வீசாவைப் பற்றி என்ன தெரியும்?

டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கவுன்சிலில் என்று எங்கு போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவோம். நாங்கள் மூச்சு விடாமல் பத்து வசனம் சொல்லுவோம். அவர் அதில் கூடாததைத் தள்ளி, வேண்டியதைச் சேர்த்து, இரண்டே வசனத்தில் துப்புரவாக இங்கிலீஷில் சொல்லுவார். வேலை நடந்துவிடும். மொழிபெயர்ப்பு என்றால் அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வார நாட்களில் அவர் பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் இன்டர்பிரட்டராகப் போகிறவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதில் எங்களுக்குப் பெருமைகூட. பொலிஸ் ஸ்டேசனுக்குள்ளும் எங்கட ஆள் ஒருவர் இருக்கிறார் என்று.

என் தம்பி டெனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். பேசாலையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். எங்களுக்கு நடுவே ஒரு சகோதரன் இருந்தான். சண்டையின் கடைசி மாதத்தில் காணாமல் போனான். டெனுசன் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலங்களில் நின்றான். சிவில் உடுப்பில் இரண்டு முறை ஆட்கள் வீட்டுக்கு வந்து அவனை விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அவனை இங்கே எடுப்பித்தேன். அவனுடைய அகதிக் கேஸை முதலில் மறுத்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட விண்ணப்பம் இரண்டு வருடமாகக் கிடந்தது. மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட வேண்டும், வேலை செய்யவே கூடாது. இவைதான் அவனை வெளியில் விட்டு வைத்திருந்த நிபந்தனைகள்.

வேலை செய்யாமல் ஒரு இளந்தாரி இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? குட்மேய்ஸில் பிரவீணன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியனின் கடையில் கவுண்டரில் நின்றான். என் கணவர் யாக்கோப்பின் பெயரில், யாக்கோப்பின் வேலை அனுமதிப் பேப்பரில் நின்றான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசை, வெள்ளைக்காரனுக்கு அது போதும். அந்த யோசனை என்னுடையது. மறைக்க மாட்டேன். யாக்கோப்பு வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் நச்சரித்து வாங்கிக் கொடுத்தேன்.

பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. கடைக்குள் வந்த ஒருவன் இரண்டு விஸ்கிப் போத்தலை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்திருக்கிறான். டெனுசன் அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்திருக்கிறான். அவன் போத்தலால் இவனுடைய புருவத்தில் அடித்தான். இவன் தள்ளிவிட்டான். அவன் போய் பிரீசரில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டான். பொலிஸ் வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் ரத்தம். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரவீணன் கெட்டிக்காரன். உடனே எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. இவர் வேலைக்காரன் இல்லை, என்ர பிரண்ட், நான் பின்னுக்குப் போன நேரம் சும்மா நிண்டவர் எண்டு பொலிசிட்டச் சொல்லிப்போட்டன். டெனுசனுக்கும் சொல்லி விட்டனான், அரைகுறை இங்கிலீசிலை வாயைத் திறக்காதை, இன்டர்பிரட்டர் கேள் எண்டு."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு அவன் பெயரில் ஒரு துண்டுச் சாட்சி கிடையாது. நாலைந்து மணித்தியாலத்தில் வந்துவிடுவான் என்று அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தேன். அவன் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு மாற்று உடுப்பை எடுத்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, சண்டைக் கேஸ் முடிந்துவிட்டது என்றாள். கடைக் கெமராவைப் பார்த்தார்களாம், அவன் மேல் பிழை இல்லையாம். அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். முடியாது என்றாள். இமிக்ரேஷன்காரர் வந்து எடுக்கும்வரை அவனை இங்கேயே பூட்டி வைத்திருக்கச் சொல்லி வந்திருக்கிறதாம். பொலிசுக்கு அவனால் ஒரு அலுவலும் இல்லை. ஆனாலும் அறை அவர்களுடையது, பூட்டு அவர்களுடையது, ஆள் மட்டும் ஹோம் ஒஃபிஸுடையவன். என்னை அவனைப் பார்க்க விடவில்லை. உடுப்பை வாங்கிக்கொண்டு, அவன் எனக்குக் கொடுக்கச் சொன்னான் என்று ஒரு பேப்பரைத் தந்தாள்.

பேப்பர் கையில் கிடைத்தால் நாங்கள் எங்கே போவோம்? நேரே லெஸ்லி வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி எமில்டா அக்கா தேநீர் தந்தார். லெஸ்லி கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழே வாசித்தார்.

"அவன் வேலை செய்தவன் எண்டு இருக்கு, தங்கச்சி. வேற ஆளின்ர பேப்பரிலை."

"ஆர் சொன்னது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசாரணையிலை வந்திருக்கு. அவங்களுக்கு எப்பிடியும் தெரிய வந்திடும்."

நான் அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்து மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொன்னார். அப்டன் பார்க்கில் தனுஷியா என்று ஒரு நல்ல லோயர் இருக்கிறாள், அவளிடம் போகும் என்று விலாசம் எழுதித் தந்தார். அந்தக் கையை இப்போது நினைத்தால் இன்னொரு முறை தலை முழுக வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு நாள் அந்தப் பொலிஸ் அறையில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் அவனை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு முகாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்துதான் முதல் போன் வந்தது. அழுவான் என்று நினைத்தேன். அவன் குரலில் ஒரு பயமும் இல்லை.

"நீங்கள் யோசியாதையுங்கோ அக்கா. லெஸ்லி அண்ணைக்கு எல்லாம் தெரியும். அவர் பாப்பார்."

"அவருக்கு என்னடா தெரியும்?"

"அவர்தானே அண்டைக்கு வந்தவர். இன்டர்பிரட்டரா."

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான்.

"முதல்லை எனக்குச் சரியான பயம். லோயர் வேணுமோ, சும்மா தருவம் எண்டு கேட்டவங்கள். ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தனான். கதவைத் திறந்து பாத்தால் லெஸ்லி அண்ணை. எங்கட ஆள் வந்திட்டார், பிறகென்னத்துக்கு லோயர் எண்டு வேண்டாம் எண்டிட்டன்."

"அவர் உன்னோட கதைச்சவரே?"

"அவங்களுக்கு முன்னாலை கதைக்க ஏலாது தானே. நான்தான் மெதுவா எல்லாத்தையும் சொன்னனான். இதை எப்பிடிச் சொல்ல வேணுமோ அப்பிடிச் சொல்லுங்கோ அண்ணை எண்டு அவரிட்டையே விட்டிட்டன். அவங்களின்ர இங்கிலீஸ் எனக்கு விளங்கேல்லை. அவர் வடிவாத்தான் கதைச்சவர்."

அவனை எப்படிக் குறை சொல்வேன்? அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். லெஸ்லியைக் கண்டால் கொட்டுவோம், அவர் பொறுக்கி எடுத்துச் சொல்லுவார். அவன் பழகிய பழக்கம் அது. ஆனால் அந்த மனுசன் என் முன்னால் இருந்து, அந்தப் பேப்பரை முதல் முறை பார்க்கிறவர் மாதிரி மேலிருந்து கீழே வாசித்தாரே. நான் அழ அழ, தானே அந்த அறையில் இருந்ததை வாய் திறந்து சொல்லவில்லையே.

அடுத்த வாரம் தனுஷியா விசாரணையின் பதிவை எடுப்பித்துவிட்டாள். அப்டன் பார்க்கில் சாரிக் கடை ஒன்றுக்கு மேல் மாடியில் அவளுடைய ஒஃபிஸ். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனால் மூளை கத்தி. இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

முதல் பக்கத்திலேயே பொலிஸ் கேட்டிருக்கிறது, இந்த ஆளை உமக்கு முன்பே தெரியுமா என்று. இன்டர்பிரட்டர், தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு டெனுசனுடைய பதில்கள். நான் அங்கே ஒன்றரை வருடமாக வேலை செய்கிறேன். வேறு ஒருவரின் பேப்பரில் வேலை செய்கிறேன். யாருடைய பேப்பர் என்று கேட்டதற்கு, பெயர் தெரியாத ஒரு ஆளுடையது என்று இருந்தது. அதைக் கேட்டதும் பொடியன் அந்த இடத்திலாவது புத்தியாக நடந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தனுஷியா ஒரு வரியில் நின்றாள். இரண்டு முறை வாசித்தாள்.

"இதிலை இப்பிடி இருக்கு ஆன்ரி. மூத்த சகோதரரே, இதைத் தயவுசெய்து இவர்களிடம் சொல்லாதீர்கள்."

அதையும் சொல்லியிருக்கிறார். சொல்லாதையுங்கோ அண்ணை என்று என் தம்பி கெஞ்சியதைக்கூட ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பத்து வசனத்தை இரண்டாகச் சுருக்கிச் சொல்லுகிற மனுசனுக்கு அன்றைக்கு மட்டும் எல்லாமே தேவைப்பட்டிருக்கிறது.

தனுஷியா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "இவருக்குத் தம்பியை முதலே தெரியுமா?"

"தெரியுமாவோ? என்ர பிள்ளையின்ர ஞானத்தகப்பன்."

அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். அப்படியென்றால் இந்தப் பதிவே பழுது என்றாள். தெரிந்த ஆள் இன்டர்பிரட்டராக இருக்கக் கூடாது. தெரியும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள், தம்பியும் வாயை மூடிக்கொண்டு லோயரைக் கேட்டிருப்பான். அவனைத் திருப்பி அனுப்ப வருகிற வியாழனுக்குக் கொழும்புக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை நாலு மணிக்கு முன் நான் ஒரு சத்தியக் கடிதம் தந்தால், லெஸ்லியும் டெனுசனும் ஒன்றாக நிற்கிற ஞானஸ்நானப் படத்தையும் சேர்த்து, டிக்கெட்டை நிறுத்தச் சொல்லி ஜட்ஜிடம் கேட்பாளாம். "குரல் பதிஞ்ச ரேப் இருக்கு ஆன்ரி. வேற இன்டர்பிரட்டரை வச்சு முழுக்கத் திருப்பிக் கேப்பிப்பம்."

படி இறங்கும்போது காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. அவனை விடுவிக்க என் கையில் ஒரு வழி கிடைத்துவிட்டது. அதோடு லெஸ்லியை நாலு பேருக்கு முன் நிறுத்தவும் வழி கிடைத்துவிட்டது. எது எனக்குக் கூடுதல் சந்தோசம் என்று கேட்டால் அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாரும் தங்கச்சி, இரும்" என்றார். நான் உட்காரவில்லை.

"இராயப்பரும் ஆண்டவரைத் தெரியாது எண்டு மறுதலிச்சவர்தான். ஆனால் அவர் பிறகு போய் அழுதவர். நீங்கள் என்ன செய்தனீங்கள்? எனக்குத் தேத்தண்ணி தந்து, என்ர தலையிலை கையை வைச்சுச் செபம் சொன்னனீங்கள். உங்களுக்கு அவனைத் தெரியும் எண்டு நான் ஜட்ஜுக்கு எழுதிக் குடுக்கப் போறன்."

அவர் மறுக்கவில்லை. எமில்டா அக்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இந்தப் பக்கத்திலை எனக்குத் தெரியாத தமிழர் ஆர், தங்கச்சி? ஒவ்வொருத்தருக்கும் தெரியும் எண்டு சொன்னால் எனக்கு வேலையில்லை. பதினேழு வருசமாத் தெரியாது எண்டுதான் சொல்லிக்கொண்டு வாறன்."

பதினேழு வருடம். அந்தக் கதிரைக்கு முன்னால் வரிசையில் நின்ற எத்தனை பேரை அவர் தெரியாது என்று சொல்லியிருப்பார்? எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"வாய் திறந்து ஒரு சொல் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். லோயரைக் கேள் எண்டு."

"சொல்ல ஏலாது. நான் அங்கை போனால் வாய் மட்டும்தான். அவன் குசுகுசுத்தாலும் ரேப்பிலை விழும். விட்டதைப் பிறகு ஆரும் கேட்டால் எனக்குத்தான் சட்டம் பாயும்." குசினிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "ஆனால் ஒண்டை விட்டனான்."

"எதை?"

"ஆரின்ர பேப்பர் எண்டு கேட்டவங்கள். அத்தானின்ர எண்டவன். யாக்கோப்பு எண்டு பேரும் சொன்னவன். நான் பேர் தெரியாத ஆள் எண்டு சொல்லிவிட்டன். ஞானப்பிள்ளையின்ர தகப்பன் எண்டபடியால். எல்லாத்தையும் சொன்னபடியால் அந்த ஒண்டை அவங்கள் நம்பினவங்கள்."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"நீர் எழுதிக் குடும்," என்றார். "நான் தடுக்கேல்லை. எனக்கு வேலை போகும், போகட்டும். வேற ஒருத்தன் ரேப்பைக் கேப்பான். அவன் ஒண்டையும் விடமாட்டான். யோசிச்சுச் செய்யும்."

மிரட்டியிருந்தால் முகத்தில் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். அவர் அன்பாகச் சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அன்று மாலை டெனுசன் போன் எடுத்தபோது கேட்டேன், அத்தானின் பெயரைச் சொன்னாயா என்று.

"லெஸ்லி அண்ணையிட்ட மட்டும்தான் சொன்னனான், அக்கா. அவங்களிட்டைச் சொல்லேல்லை."

யாக்கோப்பு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருக்கிறார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் பன்னிரண்டு வருட வேலை. ஒரு நாள் பிந்திப் போனதில்லை, ஒரு பார்க்கிங் டிக்கெட் வாங்கினதில்லை. பேப்பரைக் கடன் கொடுத்தார் என்று வந்தால் பிரஜாவுரிமை போகும், வேலை போகும். அவரையும் கொண்டு போய் ஒரு பூட்டுக்குள் வைப்பார்கள். அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உன்ர தம்பி. நீ என்ன செய்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றார். மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். "பிள்ளைக்கு மட்டும் என்ன சொல்லுறதெண்டு நீயே சொல்லு."

எழுது என்றிருந்தால் எழுதியிருப்பேன். எழுதாதே என்றிருந்தால் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டாவது எழுதியிருப்பேன். இரண்டையும் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டார். சாதத்தைக் குழைத்துக்கொண்டு அவர் இருந்த இருப்பைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பேப்பரைக் கேட்டு நச்சரித்தபோது எப்படி இருந்தாரோ, அப்படியேதான் இருந்தார்.

கடிதத்தை எழுதினேன். நாலு பக்கம். லெஸ்லி எங்கள் வீட்டில் சாப்பிட்ட பெருநாட்கள், டெனுசனை அவர் தம்பி தம்பி என்று கூப்பிட்டது, எல்லாம் எழுதினேன். படத்தையும் எடுத்து உறையில் வைத்தேன். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அப்டன் பார்க்கில் இறங்கி, சாரிக் கடைக்குப் பக்கத்தில் தனுஷியாவின் கதவுக்கு முன்னால் நின்றேன். மணியை அழுத்தக் கை போகவில்லை. கடைக்காரன் இரண்டு முறை வெளியே வந்து என்ன வேணும் என்று கேட்டான். மூன்றே முக்காலுக்குத் திரும்பி நடந்தேன்.

தனுஷியா ஐந்து முறை போன் எடுத்தாள். ஆறாவதுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவரைப் பூசையில் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான், எனக்கு எழுதித் தர ஒன்றும் இல்லை என்று. போட்டுவிட்டு நெடுநேரம் அந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். லெஸ்லியைத் திட்டுகிற வாயால் என்னை என்னவென்று திட்டுவது?

மாலையில் டெனுசன் கேட்டான், "குடுத்திட்டீங்களே அக்கா?"

"குடுத்திட்டன்," என்றேன்.

"எனக்குத் தெரியும், நீங்கள் விடமாட்டியள் எண்டு." அன்றைக்குக் கனநேரம் கதைத்தான். வெளியில் வந்தவுடன் முதலில் கணவாய்க் கறி வேணும் என்றான். முகாமில் சோறு பச்சரிசிக் கஞ்சி மாதிரி இருக்கிறதாம்.

வியாழன் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பின்னால் வான் ஓடுகிற சத்தம்.

"அக்கா, கொண்டு போறாங்கள். பக்கத்திலை ரெண்டு பேர் இருக்கிறாங்கள். அம்மாவிட்டை இப்ப சொல்லாதையுங்கோ. கொழும்பிலை இறங்கி, வெளியாலை வந்தால் நானே எடுக்கிறன்."

வந்தால் என்றான்.

"தனுஷியா அக்கா சொன்னா, உங்கட கடிதம் வந்து சேரேல்லையாம். தபாலிலை போட்டனீங்களோ?"

"ஓம்," என்றேன். நான் போட்ட மெசேஜைத் தனுஷியா அவனுக்குச் சொல்லவில்லை போல.

"அதுதான். எங்கேயோ மாறுபட்டுப் போட்டுது. உங்கள்ளை பிழையில்லை அக்கா. நீங்கள் அழாதையுங்கோ."

நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? வான் எங்கோ சிக்னலில் நின்றிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"அத்தானுக்கு ஒரு பிரச்சினையும் வராது தானே?"

"வராது," என்றேன்.

"அப்ப சரி," என்றான். பக்கத்தில் இருந்தவன் போனை வாங்கிக்கொண்டான்.